பேர் போகலாம், வேலை போகக்கூடாது

வாசகர் சட்டக் கேள்வி பதில்

வீட்டில் நடக்கும் அடியும் வேலைத்தலத்தில் நடக்கும் அத்துமீறலும் பிழைப்பைத் தொடும்போது என்ன செய்வது என்று கேட்டு இலங்கை மலையகத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். தேயிலைத் தோட்டப் பேச்சில் "பேர்" என்பது ஒரு நாள் வேலைக்குப் போடப்படும் சம்பளப் பதிவு, "மலை" என்பது கொழுந்து எடுக்கும் தேயிலை நிலம்.

கேள்வி: புருசன் அடிக்கிறது லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) எல்லாருக்கும் தெரியும். போன மாதம் பிரட்டுக்களத்துக்கே (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) வந்து சத்தம் போட்டார். பிறகு மலைக்கும் வந்து கூடையை இழுத்தெறிந்தார். "குடும்பப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வேலைக்கு வா" என்று கணக்கப்பிள்ளை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்பது பேர் போய்விட்டது. தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னால் பேசி முடிக்கலாம் என்கிறார். பொலிஸுக்குப் போனால் வீடும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (மஸ்கெலியா)

பதில்: வேலையிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. வந்தீர்கள், திருப்பி அனுப்பப்பட்டீர்கள். இது எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் "அறிவிக்காமல் வேலையைக் கைவிட்டார்" என்று ஒரு கடிதம் வரக்கூடும். அதனால் இன்றே துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தெந்தத் திகதியில் பிரட்டுக்கு வந்தீர்கள், யார் திருப்பி அனுப்பினார், என்ன சொன்னார், நீங்கள் வேலை செய்யத் தயாராக இருக்கிறீர்கள் என்பவை போதும். அடி விபரம் அந்தக் கடிதத்தில் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஒப்பீசில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கைவிட்டதாகக் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தால் அதில் குறித்திருக்கும் திகதிக்கு முன் பதில் போக வேண்டும்.

அடுத்தது புருசனைத் தள்ளி நிறுத்துவது. அதற்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடலாம். அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்தப் பகுதி நீதிமன்றமும் ஏற்கும். நீங்களே போடலாம், உங்களுக்காக ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் போடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் கேளுங்கள். நிலைமை அவசரம் என்று நீதவான் கண்டால், புருசனை அழைத்து விசாரிக்கும் முன்பே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம். விசாரணைத் திகதி 14 நாளுக்குள் குறிக்கப்படும். விசாரணைக்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும், அதை நீடிக்கவும் கேட்கலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் வீட்டை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவரின் வேலைத்தலத்துக்குள் நுழையக்கூடாது என்றும் இந்தச் சட்டத்தின் கீழ் தடை கேட்கலாம். பின்தொடரக்கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக்கூடாது, உதவி செய்யும் உறவினரையும் நண்பரையும் தாக்கக்கூடாது என்றும் கேட்கலாம். கடைக்கு ஒரு வாசல் இருக்கிறது, தோட்டத்துக்கு அப்படி இல்லை. அதனால் "வேலைத்தலம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், டிவிஷனின் பெயர், நீங்கள் கொழுந்து எடுக்கும் மலைகளின் இலக்கம், பிரட்டுக்களம், கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), பிள்ளைக் காம்பரா (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "நான் மலைக்குள் போகவில்லை, ரோட்டில்தான் நின்றேன்" என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது.

புருசனும் அதே தோட்டத்தில் வேலை செய்தால் இது சிக்கல்தான். அவருடைய பிழைப்பையே முழுதாக மறிக்கும் கட்டளையை நீதவான் யோசித்துத்தான் தருவார். அப்படியானால் உங்கள் மலைக்கும் மடுவத்துக்கும் கிட்ட வரக்கூடாது என்ற அளவில் கேளுங்கள். கூடவே அவரை வேறு டிவிஷன் வேலைக்கோ ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வேலைக்கோ மாற்றும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கட்டளையின் பிரதி பொலிஸ் நிலையத்துக்குப் போகும். தோட்ட ஒப்பீசுக்குத் தானாக வராது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றுப்படுத்திய பிரதிகள் வாங்கி ஒன்றை ஒப்பீசில் ஒப்படையுங்கள். ஒரு போட்டோக்கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு மலைக்குப் போகும்போதும் கையில் வையுங்கள். புருசன் வந்துவிட்டால் அவசரப் பொலிஸ் 119 ஐ அழைத்து, கட்டளை இருக்கிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றிய பயத்துக்கு: பொலிஸுக்குப் போனவர் வீட்டை இழப்பார் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருவரும் வாழும் வீட்டில் அவர் குடியிருக்கக்கூடாது என்றுகூட நீங்கள் கேட்கலாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க இடம் வேண்டும் என்பதையும், அவருக்கு வரும் கஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்து நீதவான் முடிவு செய்வார்.

தலைவர் பேசி முடிப்பது பற்றி எங்கள் அபிப்பிராயம் இது. உங்களோடு ஒப்பீசுக்கு வந்து, நீங்கள் இழந்த பேர்களைப் பற்றிப் பேச அவர் பொருத்தமான ஆள், அதற்கு அவரைக் கூப்பிடுங்கள். அடியைப் பேசி முடிக்க அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. "இனி அடிக்கமாட்டேன்" என்று பொலிஸில் எழுதி வாங்குவதும் அப்படித்தான். அது நீதிமன்றக் கட்டளை அல்ல. அதைப் புருசன் மீறினால், மீறியதற்கென்று தண்டனை கிடையாது.

கேள்வி: என் சம்பளத்தைப் பல வருடமாக வீட்டுக்காரர்தான் ஒப்பீசில் வாங்குகிறார். கேட்டால் அடி. நான் போய்க் கேட்டால் "குடும்பத்துக்குள்ளே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். (லிந்துலை)

பதில்: தேயிலைத் தொழில் சம்பளச் சபைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. சம்பளத்தைத் தொழிலாளியிடம் நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் தொழில் வழங்குநருக்கு இருக்கும் கடமை. ஆகவே குடும்பத்துக்குள் பேச ஒன்றும் இல்லை, இது தோட்டத்துக்கும் உங்களுக்கும் இடையிலான விடயம். முதலில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம், ஏ.டி.எம். அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களோடு இருக்கட்டும். பிறகு "இத்திகதியிலிருந்து என் சம்பளம், முற்பணம் எதையும் வேறு யாரிடமும் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை" என்று ஒப்பீசுக்கு எழுதிக் கொடுத்து, கணக்கு இலக்கத்தையும் குறிப்பிடுங்கள். முன்னர் எப்போதாவது அவருக்கு அதிகாரம் தந்து கையெழுத்து வைத்திருந்தால் அதை மீளப்பெறுவதாக ஒரு வரி சேருங்கள். அதன் பிறகும் அவர் கையில் கொடுத்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

சம்பளம் நின்ற மாதம் அடி கூடும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே கடிதத்தைக் கொடுக்கும் நாளைத் தெரிந்தெடுங்கள். பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்வது நல்லது. தீபாவளி முற்பணத்துக்கு முந்திய வாரம் வேண்டாம்.

ஊழியர் சேமலாப நிதியில் உங்களுக்குப் பின் பணம் பெற நீங்கள் பெயர் குறித்திருப்பவர் யார் என்பதையும் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் அங்கே சேர்கிறது. அந்தப் பெயரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழுதுகிறவர் அசிங்கமாகப் பேசுகிறார். ஒரு நாள் கையைப் பிடித்தார். நான் முகம் கொடுக்காததால் கிலோவைக் குறைத்து அரைப் பேர் போடுகிறார். பொலிஸில் சொன்னால் "தொட்டதற்குச் சாட்சி இருக்கா" என்பார்களாம். (பொகவந்தலாவை)

பதில்: தொட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 இல் திருத்தப்பட்ட பிறகு, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு தருவதையே குற்றமாக்கியிருக்கிறது. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் வேலைத்தலத்திலோ வேறு இடத்திலோ விருப்பமில்லாத பாலியல் அணுகுமுறையைச் சொல்லாலோ செயலாலோ காட்டினால் அது இந்தக் குற்றமாகும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. கிலோ எழுதுபவர் துரை இல்லைதான். ஆனால் உங்கள் அன்றைய பேர் அவர் பேனாவில் இருக்கிறது, அதை அதிகாரம் என்று வாதிட நல்ல இடமுண்டு.

உங்கள் கடிதத்தில் இரண்டு விடயம் கலந்து கிடக்கிறது, அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அசிங்கப் பேச்சும் கையைப் பிடித்ததும் பொலிஸுக்கு. கிலோவும் அரைப் பேரும் தோட்ட ஒப்பீசுக்கும் தொழில் திணைக்களத்துக்கும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் நடப்பது என்ன தெரியுமா? நிர்வாகம் கிலோத் தகராறை மட்டும் எடுத்து, இரண்டு கிலோ கூட்டிப்போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடும்.

சாட்சி என்றால் கண்ணால் பார்த்தவர் மட்டுமில்லை. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, அன்றன்றே எழுதுங்கள்: திகதி, நேரம், மலை இலக்கம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே (கூச்சப்பட்டு "கெட்ட வார்த்தை" என்று எழுதினால் பயனில்லை), காதில் விழும் தூரத்தில் யார் நின்றார்கள், அன்று உங்கள் கிலோ எவ்வளவு, பக்கத்து நிரையில் எடுத்தவருக்கு எவ்வளவு. யாரிடம் முதலில் சொல்லி அழுதீர்களோ அவரும் பின்னர் உதவுவார். போனில் செய்தியோ குரல்பதிவோ வந்திருந்தால் அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்ததோடு போனை விற்றுவிடவோ மாற்றிவிடவோ வேண்டாம், அந்தப் போனே பின்னர் தேவைப்படும்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். மலையகத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு மொழியில்தான். நீங்கள் தமிழில் சொல்வதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்வார். "கையைப் பிடித்தார்" என்பது "தள்ளினார்" ஆகிவிட்டால் வழக்கின் தன்மையே மாறிவிடும். அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். விளங்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டிலேயே தமிழில் எழுதி எடுத்துப்போய்க் கையளித்து, அதையும் முறைப்பாட்டோடு சேர்க்கும்படி கேட்பது இன்னும் நல்லது. வெளியே வரும்போது முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் கையில் இருக்க வேண்டும்.

துரைக்கும் ஒரு முறைப்பாடு கொடுங்கள், அதன் பிரதி தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குப் போகட்டும். பிரச்சினையைத் தவிர்க்க என்று உங்களையே வேறு டிவிஷனுக்கு மாற்றப் பார்ப்பார்கள். நடை கூடும், பழகிய மலை போகும், பார்ப்பவர்களுக்கும் தப்பு உங்கள் பக்கம் என்று தோன்றும். விசாரணை முடியும்வரை நிறுவையிலிருந்து அவரை மாற்றுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: தமிழ் வீடியோக்களில் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு கட்டாயம், மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு, 181 ஐ அழையுங்கள் என்கிறார்களே. எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒன்றும் இல்லையே? (ஹாலிஎல)

பதில்: அவை இந்தியச் சட்டங்கள். உள் புகார்க் குழு அங்கே 2013 இல் வந்த சட்டத்தின்படி. வீட்டு வன்முறைச் சட்டம் அங்கும் 2005 இல்தான் வந்தது, அதனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பாதுகாப்பு அலுவலர் அந்தச் சட்டத்துக்குரியவர். இலங்கையில் அப்படிக் குழு அமைக்க எல்லா நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. சில நிறுவனங்கள் தாமாகவே கொள்கையும் குழுவும் வைத்திருக்கின்றன, உங்கள் தொழிற்சாலையில் கேட்டுப் பாருங்கள். இங்கே அழைக்க வேண்டிய இலக்கங்கள்: அவசரப் பொலிஸ் 119, பெண்கள் உதவிச் சேவை 1938, பொலிஸ் சிறுவர், பெண்கள் பணியகம் 109, சிறுவருக்கு 1929. இன்னொரு வித்தியாசம், நமது 2005 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானதல்ல. அடி வாங்கும் வயதான தகப்பனும் மகனுக்கு எதிராகக் கட்டளை கேட்கலாம்.

கேள்வி: டவுனில் ஒரு கடையில் மூன்று வருடமாக வேலை. கணவருக்கு எதிரான வழக்குக்கு மாதம் ஒரு தவணையாவது போக வேண்டியிருக்கிறது. அவர் கடை முன் வந்தும் இரண்டு முறை சண்டை பிடித்தார். முதலாளி "நீயே விலகல் கடிதம் எழுதிக் கொடு, நல்ல சேர்ட்டிபிக்கட் தருகிறேன்" என்கிறார். எழுதிக் கொடுக்கவா? (ஹட்டன்)

பதில்: கொடுக்க வேண்டாம்.

முதலாளி ஏன் கடிதம் கேட்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்கூட்டிய அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றால் அந்தக் காரணத்தை இரண்டு வேலைநாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். கணவர் வந்து சத்தம் போட்டது உங்கள் ஒழுக்கக்கேடு ஆகாது. ஆகவே முதலாளிக்கு இருக்கும் சுலபமான வழி உங்கள் பேனாதான்.

கடை சிறியது, ஐந்தாறு பேர்தான் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தொழில் நியாய சபை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வேலை நீக்கத்துக்கு எதிராக ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தில் கவனமாக இருங்கள். "கொஞ்சம் பொறு, திருப்பி எடுக்கிறேன்" என்ற வாக்கை நம்பியே காலத்தைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு. அங்கே நீங்களே பேசலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியோ சட்டத்தரணியோ பேசலாம். நிறுத்தியது முதலாளி என்றால் அது நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் அவருடையதே. மீண்டும் வேலைக்கு எடுக்கவும் நட்டஈடு கொடுக்கவும் சபை கட்டளையிடலாம்.

வற்புறுத்தலில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்கள் இதை வாசித்தால்: அடுத்த நாளே "இன்னார் முன்னிலையில், இன்ன சொல்லி எழுத வைத்தார்கள். நான் விரும்பி விலகவில்லை" என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பலவந்தமாக வாங்கிய விலகலை வேலை நீக்கமாகவே பார்க்கும்படி தொழில் நியாய சபையில் வாதிட முடியும். மூன்று மாதம் கழித்து எழுதும் கடிதத்துக்கு அந்த வலு இருக்காது.

தவணை லீவுக்கு வருவோம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று தனி லீவு நமது நாட்டுத் தனியார் துறைச் சட்டத்தில் இல்லை, உள்ளதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் உங்களுக்கு வருடத்துக்கு 7 நாள் அமைய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. அமைய லீவு சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் என்பவற்றுக்கானது. நீதிமன்றத் தவணையை அதற்குள் அடக்கலாம். மாதம் ஒரு தவணை என்றால் அமைய லீவு ஜூலையோடு முடிந்துவிடும். ஆகவே வருடாந்த லீவில் ஐந்து நாளை இப்போதே ஒதுக்கி வைக்கப் பாருங்கள். லீவுக் கடிதத்தில் "நீதிமன்றத் தவணை" என்று மட்டும் எழுதினால் போதும், வழக்கின் கதை முதலாளிக்குத் தேவையில்லை. தவணை குறித்த அன்றே கடிதத்தைக் கொடுங்கள். முதல் நாள் மாலை கேட்கும் லீவுதான் மறுக்கப்படும்.

கடை முன் சண்டை பற்றி: பாதுகாப்புக் கட்டளை இருந்தால் அதில் கடையின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கட்டளையைத் திருத்தித் தரும்படி அடுத்த தவணையிலேயே உங்கள் சட்டத்தரணியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பிரதியை முதலாளி கையில் கொடுத்தால் அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். மறுமுறை அவர் உங்களைத் திட்டத் தேவையில்லை, பொலிஸை அழைத்தால் போதும்.

கேள்வி: அக்காவின் மகள், வயது 19, வேலை முடிந்து வரும் வழியில் வேலைத்தலத்தைச் சேர்ந்த ஒருவரால் பலாத்காரம் செய்யப்பட்டாள். நேற்று இரவு நடந்தது. வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. (தபாலில் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால் ஊரைக் குறிப்பிடாமல் இங்கும் தருகிறோம்.)

பதில்: குளிக்க வேண்டாம். குளித்துவிட்டாலும் போகலாம், தாமதிக்க வேண்டாம். அப்போது உடுத்திருந்த உடையைக் கழுவாமல் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கி, தடயம் பழுதாகும். சட்ட வைத்திய அதிகாரி உள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். முதலில் பொலிஸுக்குப் போனால் அவர்கள் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் தருவார்கள். முதலில் வைத்தியசாலைக்குப் போனாலும் பரவாயில்லை, நடந்ததை வைத்தியரிடம் சொன்னால் அங்கிருந்தே ஒழுங்கு செய்வார்கள். கர்ப்பம் தரிக்காமல் இருக்கும் மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. யாரும் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற பிரிவு (சிங்களத்தில் மிதுரு பியச) இருக்கும். அங்கே தனியாகப் பேச முடியும்.

வேலைத்தலத்துக்கு இப்போது சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: சுகவீனம், வைத்தியச் சான்றிதழ் பின்னர் தரப்படும். மேலதிகமாக யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. குற்றம் செய்தவரின் ஆட்கள் சமரசம் பேச வருவார்கள். பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டுவது, பழிவாங்குவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். வந்தவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துப் பொலிஸில் சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்ய நாள் கடந்துவிட்டதே என்று எழுதும் மற்ற வாசகிகளுக்கு: இத்தகைய குற்றத்துக்கு வழக்குத் தொடர 20 வருடம்வரை காலம் உண்டு. வழக்குக்குக் கதவு மூடவில்லை, உடலில் கிடைக்கும் தடயம்தான் போயிருக்கும்.

கேள்வி: நான் ஆசிரியை. இடமாற்றத்துக்குக் கையெழுத்து வைக்க அதிகாரி ஒருவர் தகாத "விருப்பம்" கேட்கிறார். (நுவரெலியா மாவட்டம்)

பதில்: அரச உத்தியோகத்தர் கடமையைச் செய்யப் பாலியல் இணக்கம் கேட்பது இப்போது இலஞ்சம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைச் சேர்த்திருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. 345 ஆம் பிரிவின் கீழ் பொலிஸுக்கும் போகலாம். அடிப்படை உரிமை மனு என்றால் சம்பவத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. கல்வித் திணைக்களத்துக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால் மாதம் ஓடிவிடும்.

கேள்வி: தோட்டமொன்றில் நலன் உத்தியோகத்தராக இருக்கிறேன். அடிபட்ட பெண்கள் என்னிடம்தான் வருகிறார்கள். நிர்வாகம் "சட்டத்தில் எங்களுக்கு என்ன கடமை?" என்று கேட்கிறது. என்ன பதில் சொல்வது? (தலவாக்கலை)

பதில்: சட்டத்தில் எழுதியிருப்பது குறைவு, அது உண்மை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019 இல் நிறைவேற்றிய 190 ஆம் இலக்க உடன்படிக்கையும் அதோடு வந்த 206 ஆம் இலக்கப் பரிந்துரையும் வீட்டு வன்முறை வேலையைப் பாதிக்கிறது என்பதை ஏற்று, பாதிக்கப்பட்டவருக்கு லீவு, வேலை நேரத்தில் நெகிழ்வு, வேலை நீக்கத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு என்று சில வழிகளைக் காட்டுகின்றன. ஏற்றுமதிச் சான்றிதழ் பரிசோதகர்கள் வரும் தோட்டமென்றால் அந்த உடன்படிக்கையின் பெயரைச் சொன்னாலே நிர்வாகம் காது கொடுக்கும். ஆனால் காசே செலவாகாத வேலைகள் நிறைய இருக்கின்றன, அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டு பேரையும் ஒப்பீசுக்கு ஒன்றாக அழைத்துப் பஞ்சாயத்து வைப்பதை நிறுத்துங்கள். அவர் எதிரில் அவள் உண்மை பேசமாட்டாள், பேசினால் அன்றிரவு அடி விழும். முறைப்பாட்டு இலக்கம் கொண்டுவந்தால்தான் உதவி என்று நிபந்தனை போடாதீர்கள். ஆபத்து இருக்கும் காலத்தில் அந்தப் பெண்ணை ரோட்டோரத் தனி நிரையில் போடாமல் கூட்டத்தின் நடுவில் போடும்படி கங்காணிக்குச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்பீசுக்கு வரும் அழைப்பில் "அவ எந்த மலையில்?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்லக்கூடாது. நீதிமன்றத்துக்குப் போன நாளைச் செக்ரோலில் (வருகை, சம்பளப் பதிவேட்டில்) சும்மா வராத நாளாகப் போடாமல் அறிவித்த லீவாகப் போடச் சொல்லுங்கள். வருகைநாளை வைத்துக் கணக்கிடும் கொடுப்பனவுகளில் பின்னர் தகராறு வந்தால் அந்தப் பதிவுதான் பேசும்.

பிள்ளைக் காம்பராவை மறக்காதீர்கள். மனைவியை மடக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது பழைய வழி. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தகப்பனிடம் பிள்ளையைக் கொடுக்க மறுப்பது பராமரிப்பாளருக்குக் கஷ்டம். ஆகவே விண்ணப்பம் போடும்போதே பிள்ளையோடு தொடர்பு பற்றியும் கேட்கச் சொல்லி, கட்டளை வந்ததும் ஒரு பிரதியைப் பராமரிப்பாளர் கையில் கொடுங்கள். கட்டளை வரும்வரை, அவர் வந்தால் உடனே தாய்க்கு ஆள் அனுப்பும் ஒழுங்காவது இருக்கட்டும்.

உங்கள் குறிப்புகளைப் பொதுக் கோப்பில் வைக்காமல் பூட்டுப் போட்ட இழுப்பறையில் வையுங்கள். உதவி இலக்கங்களைப் பிரட்டுக்களப் பலகையில் ஒட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. அதே தாளைப் பெண்கள் மலசலகூடக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். பலகைக்கு முன் நின்று இலக்கத்தைக் குறித்துக்கொள்ளும் பெண்ணை நாலு பேர் பார்ப்பார்கள்.